சுமை இல்லாத சுமைதாங்கி

போன மாதம் இரண்டு பெண்கள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். பழைய கட்டடம், பழைய கல் இவற்றையெல்லாம் இடிபடாமல் காப்பாற்றுகிற ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களாம். பிரெஞ்சுக்காரன் காலத்துக் காகிதக் கட்டு ஒன்றைப் பிரித்தபோது பக்கத்துக்குப் பக்கம் ஒரே கைநாட்டு இருந்ததாம். அது யாருடையது என்று விசாரித்து விசாரித்து என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கைநாட்டை வைத்து ஆளைப் பிடிப்பது போலீஸ் வேலை. நான் என்ன திருடினேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். திருடியது எதுவும் ஞாபகம் வரவில்லை. மற்றதெல்லாம் ஞாபகம் வந்தது.

"அப்போ இந்த வேலைக்கு வந்த முதல் பொம்பள ஆபீசர் நீங்கதானா பாட்டி?" என்றாள் ஒருத்தி.

"ஆபீசர் இல்லம்மா. ஆபீசருக்கு வாளி தூக்குனவ" என்றேன்.

இன்னொருத்தி பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துப் பெருமையாகக் காட்டினாள். நல்லவாட்டுச் சாலையில் நிற்கிற சுமைதாங்கிக் கல். அதைச் சுற்றி ஆள் மட்டத்துக்கு இரும்புக் கம்பி வேலி, வேலிக்குப் பூட்டு, பக்கத்தில் நீலப் பலகை. "இனிமே யாரும் தொட முடியாது பாட்டி. பாதுகாத்துட்டோம்" என்றாள்.

இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தேன். பதில் கொடுக்கவில்லை. இதுதான் பதில்.

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்பு. அதிலும் ஒரு வருஷம் வாத்தியார் வரவே இல்லை. என் வீட்டுக்காரர் கொம்யூன் ஆபீஸில், நாங்கள் மேரி என்று சொல்வோம், பழைய கற்களைக் கழுவுகிற ஆளாக இருந்தார். சைகோனில் வேலை என்று கப்பல் ஏறினார். இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது இன்னும் கப்பலிலேயே இருக்கிறது. அவர் விட்டுப்போன தேங்காய் நார் பிரஷ்ஷைத் திருப்பிக் கொடுக்கத்தான் நான் மேரிக்குப் போனேன். போன இடத்தில், "பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். வீட்டுக்காரரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடிக்கத் தெரியும் என்றேன். மறுநாளிலிருந்து வேலை.

வேலை இதுதான். கல்வெட்டு இருக்கிற கல்லை முதலில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். பாசி போக வேண்டும், எழுத்து போகக் கூடாது. குழந்தைக்குக் காது கழுவுகிற பதம். பிறகு தடித்த காகிதத்தை நனைத்துக் கல்லின் மேல் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் காற்று உள்ளே மாட்டி, காகிதம் அம்மை கண்ட முகம் மாதிரி ஆகிவிடும். தட்டத் தட்டக் காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கி உட்காரும். பாதி காய்ந்ததும், துணிப்பந்தில் விளக்குக் கரி மையைத் தொட்டு ஒத்தி எடுக்க வேண்டும். மேடெல்லாம் கறுப்பாகும், பள்ளத்தில் கிடக்கிற எழுத்து வெள்ளையாக நிற்கும். உரித்து எடுத்தால் கல்லின் தோல் கையில் வந்த மாதிரி இருக்கும். இதற்குப் படி எடுப்பது என்று பெயர். பாகூர் ஏரிக்கரையிலிருந்து திருவாண்டார்கோயில் வரை படி எடுத்திருக்கிறேன். எடுத்ததில் ஒரு வரிகூட எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் முக்கால்வாசிக் கல்வெட்டு ஒரே மாதிரி இரண்டு சுழியில்தான் ஆரம்பிக்கும். பெரிய மனுஷன் பேசுவதற்கு முன்னால் கனைக்கிற மாதிரி. கனைப்பு எங்கே என்று கண்டுபிடித்தால் தலை எது கால் எது என்று தெரிந்துவிடும். அதற்கு இரண்டாம் வகுப்பு போதும்.

எனக்கு மேலே இருந்தவர் அருளப்பன் ஐயா. வில்லியனூர்ப் பக்கத்து வேதக்காரக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை. வெள்ளைக் கோட்டு, காதில் பென்சில். ரோடு போடும்போது, வாய்க்கால் வெட்டும்போது எதை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாது என்று லிஸ்ட் எழுதுவது அவர் வேலை. கோயில் கல்லோ, மசூதிக் கல்லோ, மாதா கோயில் கல்லோ, வயல் வரப்பில் கிடக்கிற எல்லைக் கல்லோ, எதன் பக்கத்தில் போனாலும் செருப்பைக் கழற்றிவிடுவார். சித்திரை வெயிலில் ஒற்றைக் காலில் மாற்றி மாற்றி நின்றுகொண்டு அளவு எழுதுவார். நான் சிரிப்பேன். "கொக்குகூட மீனுக்குத்தான் இப்படி நிக்கும் ஐயா" என்பேன். "வேலையைப் பார் பச்சையம்மா" என்பார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் பிரெஞ்சில் பேசுவார். எனக்குப் புரியாது என்பதால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

எந்தக் கல்லானாலும் மூன்று கேள்வி கேட்பார். எழுத்து இருக்கா? வயசு இருக்கா? சாட்சி இருக்கா? வயசு என்றால் நூறு வருஷத்துக்கு மேல். சாட்சி என்றால் கல்லின் பழமையைச் சொல்கிற பத்திரமோ பெரியவரோ. மூன்றில் இரண்டு தேறினால் லிஸ்டில் ஒரு நம்பர் கொடுப்பார். நான் சுண்ணாம்பைத் தொட்டுக் கல்லின் மேல் ஒரு வட்டம் போட்டு, அவர் எழுதிக் கொடுத்த நம்பரை அதற்குள் பார்த்து வரைவேன். வெள்ளை வட்டம் இருந்தால் காண்டிராக்டர் கடப்பாரை அதன் கிட்டே வரக் கூடாது. அதுதான் சட்டம். அவர் சொல்லாமல் வட்டம் போடக் கூடாது என்பதும் சட்டம்.

இப்படி இருக்கும்போது மோட்டார் பஸ் வந்தது. இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின காலம். மீன்பிடிக்கிற ஊரான நல்லவாட்டிலிருந்து எங்கள் ஊர்ச் சந்தைக்கு வருகிற சாலையை அகலப்படுத்தி, வளைவையெல்லாம் நிமிர்த்துவது என்று தீர்மானம் ஆயிற்று. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அப்போது மேராக, அதாவது கொம்யூனுக்குத் தலைவராக, இருந்தவருடைய பேரப்பிள்ளைகள் பார்த்தால் இன்றைக்கும் என்னைக் கும்பிடுகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்வானேன்.

அந்தச் சாலையின் வளைவில்தான் சுமைதாங்கி இருந்தது. நட்டுவைத்த இரண்டு கல், மேலே படுக்கையாக ஒரு பலகைக் கல், தோள் உயரம். தலைச்சுமைக்காரர்கள் அடுத்தவர் கை உதவி இல்லாமல் சுமையை அப்படியே கல்லின் மேல் தள்ளி, கழுத்தை ஆற்றிக்கொண்டு, மறுபடியும் தலைக்கு வாங்கிக்கொண்டு போகலாம். அதை வைத்தவர் கோவிந்தன் என்ற குடியானவர். அவருடைய ஒரே மகள் ரஞ்சிதம் வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனாள். அப்படிப் போகிற பெண் இறக்காத சுமையோடு போகிறாள் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. வழியில் போகிறவர்கள் அவள் பெயரால் வைத்த கல்லில் சுமை இறக்க இறக்க, அவளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதற்காகத்தான் சுமைதாங்கி வைப்பது.

கல்லை வைத்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. அருளப்பன் ஐயா பார்த்தார். எழுத்து இருந்தது. வயசு இல்லை. ஆறு வருஷத்துக் கல்லுக்குச் சாட்சி எதற்கு என்று அதைக் கேட்கவே இல்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்.

கோவிந்தன் ஒன்றும் கேட்கவில்லை. கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பேசியிருந்தால் நான் ஏதாவது கேலி பேசித் தப்பித்திருப்பேன். பேசாத ஆளிடம் என்ன செய்வது? மறுநாள் காலையில் சுண்ணாம்புச் சட்டியோடு போய் வட்டம் போட்டுவிட்டேன். நம்பரும் போட்டேன், எனக்குப் பிடித்த நம்பர்.

நாலே நாளில் காண்டிராக்டர் மேரிக்கு வந்துவிட்டார். "ஐயா, வளைவுல உங்க வட்டம் நிக்குது, நான் ரோட்ட எப்டி நிமுத்தறது?" அருளப்பன் ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். செருப்பைக் கழற்றினார். வட்டத்தைப் பார்த்தார்.

"இது யார் போட்டது?"

"மழையில வந்திருக்கும் ஐயா."

"மழை வட்டத்தைக் கீழேர்ந்து ஆரம்பிக்குமா? நீதான் கீழேர்ந்து ஆரம்பிப்பே. எத்தனை வருஷமா பார்க்கறேன்." குரல் இறங்கிவிட்டது. "பச்சையம்மா, இந்த ஒரு வட்டம் பொய்னு தெரிஞ்சா, மத்த வட்டத்தையெல்லாம் எவன் நம்புவான்? நாளைக்கு ஏரி மதகுக் கல்லை ஒடைப்பான். 'அதுவும் மழையில வந்ததுதானே'ம்பான்."

போட்ட கைதான் அழிக்க வேண்டும் என்றார். காண்டிராக்டர் ஆட்கள் வரிசையாக நின்று பார்க்க, முந்தானையை நனைத்து அழித்தேன்.

அழித்துக்கொண்டே யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு. "இடிக்க வேணாம் ஐயா. பிரிச்சி எடுத்துனு போயி மேரி முத்தத்துல நிக்க வெச்சிடலாம். பத்திரமா இருக்கும்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வட்டம் போட்டதைக்கூட மன்னித்துவிட்டார். நானே போய்க் கோவிந்தனிடம் சொன்னேன். "தாத்தா, உம் பொண்ணு கல்லு இனிமே சர்க்கார் முத்தத்துல. கூட்டிப் பெருக்க ஆளு, காவலுக்கு ஆளு. ராணி மாதிரி இருப்பா." அவர் தலையை ஆட்டினார். நான் சொன்னதால் ஆட்டினார்.

வண்டி வைத்துக் கொண்டுவந்து மேரி முற்றத்தில் வேப்பமரத்தின் கீழே நட்டோம். நான் படி எடுத்தேன். அருளப்பன் ஐயா படியை வெளிச்சத்தில் பிடித்து எனக்குப் படித்துக் காட்டினார். 'கோவிந்தன் மகள் ரஞ்சிதம் பெயரால் வைத்தது. வழியில் செல்வோர் யாராயினும் சுமை இறக்கிச் செல்லவும்.' சுத்தமான வேலை என்று என்னைப் பாராட்டினார். மேர் வந்து பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்றார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

அடுத்த சந்தை நாளில் கோவிந்தன் தலையில் ஒரு வைக்கோல் கட்டோடு மேரி வாசலில் நின்றார்.

வாசலில் இருந்த சேவகன், "இன்னா பெரியவரே, மாட்டுக்குத் தீனி போட வந்தியா? இங்க மாடு ஒண்ணும் இல்ல, ஆபீசருங்கதான் கீறாங்க" என்றான்.

"கல்லுல வெச்சிட்டு எடுத்துனு போறேன்பா."

"அது சர்க்காரு கல்லு. அழுக்காவும். போ, போ."

"ஒரு வாட்டி வெச்சிட்டு எடுத்துக்கறேன். எட்டு நாளா எவளும் வெக்கலியே. அது அப்பிடியே தூக்கினு நிக்கும்."

அவர் 'அது' என்று சொன்னது கல்லை அல்ல. நான் படிக்கட்டில் பிரஷ்ஷை உலர்த்திக்கொண்டிருந்தேன். பிரஷ் கையிலேயே இருந்தது. அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்து, அவ்வளவு சுத்தமாகக் கழுவி, அந்தப் பெண் தலையில் மறுபடியும் சுமையை ஏற்றிவைத்தது நான்தான். காண்டிராக்டர் இடித்திருந்தால்கூட கோவிந்தன் வேறு கல் வாங்கி வைத்திருப்பார். இப்போது கல் இருக்கிறது, காவலும் இருக்கிறது. எதை வைத்து அழுவது?

சேவகன் அந்தப் பக்கம் திரும்பினதும் கண்ணால் ஜாடை காட்டினேன். கோவிந்தன் வந்து கட்டை வைத்தார், எடுத்தார், போனார். ஒரு கட்டு. முன்பெல்லாம் விடிவதற்குள் இருபது கூடை இறங்கிய கல்.

வட்டத்தை அழித்த கைக்கு மறுபடியும் சுண்ணாம்பைத் தொடத் தைரியம் இல்லை. சட்டத்துக்கு உள்ளேயே ஏதாவது செய்ய வேண்டும். மறுநாள் காலை பழைய வளைவுக்குப் போனேன். நல்லவாட்டுப் பெண்கள் மீன்கூடையோடு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் தாயம்மா. அவள் சாதாரணமாகப் பேசினாலே கடலில் இருக்கிற படகு திரும்பிப் பார்க்கும்.

"ஏய் பச்ச, எங்கடி எங்க கல்லு? கழுத்து ஒடியுது. தரையில எறக்குனா திரும்பித் தூக்கிவிட ஒம் புருசனா வருவான்?"

"அவுரு என்னையே தூக்கிவிடல, ஒன்ன எங்க தூக்கறது. கல்லு மேரி முத்தத்துல கீது. போயி வெச்சிக்க."

"மேரியிலயா? மீன்கூடையோடயா? அடிச்சித் தொரத்துவானுங்க."

"கல்லுலியே எழுதிக்கீது, யாரு வேணுன்னாலும் எறக்கலான்னு. ஐயாவே படிச்சாரு, இந்தக் காதால கேட்டேன். சந்தைக்கு அந்தப் பக்கமாதான போற?"

தாயம்மா சிரிக்க ஆரம்பித்தாள். "எல்லாரையும் இட்டாரட்டுமா?"

"பக்கத்து ஊருக்காரிங்களையும் இட்டுனு வா."

அந்த வாரத்திலிருந்து மேரி முற்றத்துக்கு மீன்கூடை வர ஆரம்பித்தது. நெத்திலி, கவளை, மத்தி. சேவகன் தடுத்தான். தாயம்மா, "எழுத்துல கீறத படிடா. படிக்கத் தெரியாத ஒனக்கு எவன் சேவகம் குடுத்தான்?" என்றாள். எனக்கும் அது கொஞ்சம் குத்தியது, சொல்லத்தான் வேண்டும். கூடை கல்லின் மேல் ஏறும், மீன் தண்ணி கல்லிலிருந்து படிக்கட்டுக்கு ஓடும். தண்ணிக்குப் பின்னால் பூனை வரும். வேப்பமரத்தில் காக்கை நிறைந்துவிட்டது. காக்கை பதிவேட்டின் மேல் கையெழுத்துப் போட்டது. நான் வாளியும் பிரஷ்ஷுமாகக் கழுவிக்கொண்டே இருந்தேன், முகத்தில் ரொம்ப வருத்தத்தை வைத்துக்கொண்டு. மெதுவாகத்தான் கழுவினேன்.

மூன்றாவது வாரம் மேர் வீட்டுக் கல்யாணம். மேரியில் பதிய வேண்டுமே, மாப்பிள்ளையும் பெண்ணும் பட்டும் பூவுமாக வந்தார்கள். அன்றைக்குச் சந்தை நாள் என்பதை நான் தாயம்மாவிடம் ஞாபகப்படுத்தியிருந்தேன். கையெழுத்துப் போடக் குனிந்த மணப்பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். வந்த இடத்தில் கவளைக் கூடை. மேர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அருளப்பன் ஐயாவைப் பார்த்துக் கத்தினார்: "அந்தக் கல்லை இன்னைக்கே வெளியே எடும்!"

ஐயா சாந்தமாகச் சொன்னார்: "மீன்காரிங்களை நிறுத்த முடியாதுங்க. யார் வேணா இறக்கலாம்னு கல்லுல இருக்கு. எழுத்தைக் காப்பாத்தத்தான் இங்கே கொண்டுவந்தோம். காப்பாத்தின எழுத்தை நாமே மீறினா எப்படி?"

"அப்ப எங்கயாவது கொண்டுபோம்!"

மேர் போன பிறகு ஐயா என் பக்கம் திரும்பினார். "மீன் வாடையும் மழையில வந்ததா?"

"இல்ல ஐயா. இது கடல்ல வந்தது."

அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்துவிட்டு மறுபடியும் காதிலேயே வைத்தார். "எங்கே நடறது? கல்லு நின்ன இடம் இப்ப ரோட்டுக்கு நடுவுல இருக்கு. சங்கிலியை எடு, அளந்து பார்ப்போம்."

"சங்கிலி வேணாம் ஐயா. எங்க வலிக்குதுன்னு சொல்ல அதுக்குக் கழுத்து இல்ல" என்றேன்.

அந்த மனுஷர் புரிந்துகொண்டார். மறுநாள் காலை நல்லவாட்டுச் சவுக்குத் தோப்பு ஓரத்தில் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்று, தாயம்மாவின் கூடையைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றார். புதுச் சாலையில் நடந்தார். மீன் தண்ணி கோட்டின் பின்னால் கோடு போட்டு இறங்கிக்கொண்டே வந்தது. பெண்கள் சிரித்துச் சிரித்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். ஒரு பனைமரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"இங்கே" என்றார்.

"இங்க இல்ல சாமி. இன்னும் நூறு அடி போவணும். நீ ஆம்பள, சீக்கிரம் ஓஞ்சி பூட்ட" என்றாள் தாயம்மா.

மறுபேச்சில்லாமல் அந்த நூறு அடியும் நடந்தார். அங்கேதான் நட்டோம். நட்டதும் கோவிந்தனைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் நாலு கூடை ஏறி இறங்கிவிட்டது. தூரத்தில் நின்றே பார்த்தார். ஐந்தாவது கூடை இறங்கும்போது தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிட்டே வந்து என்னிடம், "வைக்கோலு எடுத்துனு வரலியேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அருளப்பன் ஐயா லிஸ்டைப் பிரித்தார். வயசு இல்லாத கல்லுக்கு அதில் இடம் கிடையாது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒரு கோடு போட்டு, மேலே ஏதோ எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "நாலாவது கேள்வி" என்றார். அன்றிலிருந்து எந்தக் கல்லின் முன்னால் நின்றாலும், எழுத்து, வயசு, சாட்சி எல்லாம் முடிந்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்பார்: "ஆள் வருதா?" வருது என்று நான் சொன்னால் கல் இருந்த இடத்திலேயே இருக்கும். பதினாலு வருஷம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் கைநாட்டு வைத்தது நான். அந்தக் கடைசிப் பக்கத்தில் முதல் நம்பர் ரஞ்சிதம் கல். வட்டத்தை அன்றைக்கு ஐயாவே போட்டார். கீழேயிருந்து ஆரம்பித்துப் போட்டார்.

ஆகவே, மோர் குடித்துவிட்டுப் போன பெண்களே, உங்கள் போட்டோ நன்றாக இருக்கிறது. பலகை நன்றாக இருக்கிறது. வேலியை எடுத்துவிடுங்கள். அந்தச் சாலையில் இன்னும் கூடை போகிறது, நான் விசாரித்துவிட்டேன். பூட்டுச் சாவி எங்கே என்று தேட வேண்டியிருந்தால் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஆனால், தாயம்மாவின் மருமகள் நல்லவாட்டில்தான் இருக்கிறாள். மாமியார் குரல் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. உங்கள் ஆபீஸுக்கு வழி கேட்டாள். சொல்லிவிட்டேன்.